மஞ்சள் வட்டத்துக்குக் கீழ்த்தளத்தில் சாப்பாடு

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘ஏற்பாடு’. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருக்கிறது. அது அங்கேயே நிம்மதியாக இருக்கட்டும். மரியாதை தெரிந்தவர்கள் ‘ஏற்பாடு சார்’ என்பார்கள். நகரத்து மக்களின் உடல்நலத்தை ஆராய்கிற ஒரு நிறுவனத்தில் அவர் மாநாட்டு ஒருங்கிணைப்பாளர். உலகத்தை ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஒரு ரகம், அவர்கள் உட்கார நாற்காலி போடுகிறவர்கள் இன்னொரு ரகம் என்று பிரித்தால், இரண்டாவது ரகத்தில் உச்சிக்குப் போனவர் அவர்.

அந்த உச்சி சும்மா வந்துவிடவில்லை. புரொஜெக்டர் தூக்குகிறவராகச் சேர்ந்து, மைக் நீட்டுகிறவராக வளர்ந்து, ஐம்பதைத் தாண்டுவதற்குள் மேடைக்குப் பக்கத்தில் மணியோடு உட்காருகிறவராக ஆனார். பேச்சாளர் படியேறும் நடையை வைத்தே அவர் நேரத்துக்குள் முடிப்பாரா, ‘இறுதியாக ஒரே ஒரு கருத்து’ என்று மூன்று முறை சொல்வாரா என்று கண்டுபிடித்துவிடுவார். கேள்வி நேரத்தில் முதலில் எழுந்திருப்பவரிடம் கேள்வி இருக்காது, சுயசரிதைதான் இருக்கும் என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை. இத்தனை ஆண்டுகளில் அவர் நடத்திய எந்த மாநாட்டிலும் தண்ணீர் பாட்டில் குறைந்ததில்லை. மக்களின் உடல்நலம் எந்த அளவுக்கு முன்னேறியது என்பது அவருடைய துறை இல்லை.

அவரிடம் ஒரு ரகசியம் உண்டு. ரயில் பாதைக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில்தான் அவர் பிறந்து வளர்ந்தார். அந்த நிறுவனத்தில் அது தலைகுனிவே இல்லை, பெரிய முதலீடு. அங்கே கார் வைத்திருப்பவர்கள்கூட ‘நானும் எளிய பின்னணியிலிருந்து வந்தவள்தான்’ என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். இவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. சேர்ந்த புதிதில் நடந்த ஒரு கூட்டமே காரணம். சாக்கடை உடைந்து முற்றத்தில் தேங்கி நிற்கும் படம் ஒன்றைத் திரையில் போட்டார்கள். மேலே ஒரு ஜன்னல், அதில் காயும் ஒரு போர்வை. அது அவருடைய வீட்டு ஜன்னல், போர்வையும் அவருடையது. “இங்கெல்லாம் மனுஷங்க எப்படித்தான் இருக்காங்களோ” என்று ஒரு டாக்டரம்மா உச்சுக்கொட்டினார். புரொஜெக்டரைப் பிடித்துக்கொண்டிருந்த இவரும் கூடவே உச்சுக்கொட்டினார். ஒருமுறை உச்சுக்கொட்டிய பிறகு, அந்தப் போர்வை என்னுடையது என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? அந்த டாக்டரம்மாதான் இப்போது இயக்குநர்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் மனைவியின் வீட்டுப் பக்கம் குடிபோய்விட்டார். அக்கா மட்டும் அங்கேயே, நான்காவது மாடியில், மாமாவோடு இருக்கிறாள். அக்கா பேருந்து பணிமனையில் விடியற்காலையில் பஸ் கழுவுகிறவள். அவள் பஸ் கழுவித்தான் தம்பி படித்தான். இதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் ஒருநாள் சண்டை போட்டுக் கணக்கை முடித்திருக்கலாம். அந்த வசதியையும் அவள் கொடுக்கவில்லை. புகையும் ஈரமும் சேர்ந்து அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறாள். இரண்டு பஸ்ஸையும் அவளே கழுவியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

இப்படி இருக்கையில்தான் ‘நகர்ப்புறச் சமூகங்களில் சுகாதாரச் சமத்துவமும் பன்முகத்தன்மையும்’ என்ற மாநாடு வந்தது. தலைப்பு பேனரில் அடங்கவில்லை. “பன்முகத்தன்மை இருந்தா சமத்துவத்துக்கு இடம் பத்தல சார், எழுத்தைச் சின்னதாக்கிடவா?” என்று அச்சகத்துக்காரர் போனில் கேட்டார். ஏற்பாடு யோசித்து, இரண்டையும் சமமாகச் சிறிதாக்கச் சொன்னார்.

இந்த மாநாட்டுக்காக அவர் புதிதாக ஒன்று கண்டுபிடித்தார். வழக்கமாக டாக்டர்கள் டாக்டர்களோடும் அதிகாரிகள் அதிகாரிகளோடும் ஒட்டிக்கொண்டு உட்காருவார்கள். அதைக் கலைக்க ஒவ்வொருவர் அடையாள அட்டையிலும் ஒரு வண்ண வட்டம். டாக்டர்களுக்கு நீலம், அதிகாரிகளுக்குப் பச்சை, ஆராய்ச்சியாளர்களுக்குச் சிவப்பு, சமூகப் பிரதிநிதிகளுக்கு மஞ்சள். ஒரு மேசையில் நான்கு நிறமும் இருந்தாக வேண்டும். இயக்குநர் அம்மா கேட்டுவிட்டு, “இதுதாங்க சமத்துவம், கண்ணுக்கே தெரியுது” என்றார். ஏற்பாட்டுக்கு இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை.

நீலமும் பச்சையும் சிவப்பும் குவிந்துவிட்டன. மஞ்சள்தான் இல்லை. ஆட்களைத் திரட்டித் தருவதாகச் சொன்ன சங்கம், அதே தேதியில் வேறொரு சமத்துவ மாநாட்டுக்குப் போய்விட்டது. அங்கே போக்குவரத்து ஏற்பாடு இதைவிட நன்றாக இருந்ததாம். “சமூகத்தின் குரல் இல்லாம ஒரு மாநாடா? எங்கிருந்தாவது கொண்டு வாங்க ஏற்பாடு” என்று இயக்குநர் சொல்லிவிட்டார். ஏற்பாட்டுக்குத் தெரிந்த சமூகம் ஒன்றே ஒன்றுதான்.

அன்று மாலையே ரயில் பாதையைத் தாண்டிப் போனார். கீழ்த்தளத்தில் லிஃப்டுக்கு முன்னால் வழக்கம்போல் லிஃப்ட் அத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். லிஃப்ட் செத்துப்போன நாளிலிருந்து, பொத்தானை அமுக்க வருகிறவர்களிடம் ‘வேலை செய்யாது’ என்று சொல்வதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டவள். கட்டடத்துக்குள் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

நான்காவது மாடியில் அக்கா துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். இவர் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள்.

“நான் பேசினா யாருடா கேப்பா? உன் மாமாவே கேக்க மாட்டாரு.”

உள்ளே இருந்து மாமா, “என்ன?” என்றார்.

“பாத்தியா.”

“ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பஸ் மாறிப் போறியேக்கா, அதைச் சொன்னாப் போதும்.”

“அதுல சொல்ல என்ன இருக்கு? முதல்ல ஒரு பஸ். அப்புறம் இன்னொரு பஸ்.”

“அதைத்தான் அஞ்சு நிமிஷம் சொல்லணும்.”

“அஞ்சு நிமிஷம் இழுக்கணும்னா நாலு பஸ்ஸாவது வேணுமேடா.”

ஆனால் அவளுக்கு உள்ளூர மகிழ்ச்சி. தம்பியின் அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட அவள் இதுவரை பார்த்ததில்லை, அவன் கூப்பிட்டதில்லை. மூன்றாவது மாடித் தையல்காரர், லிஃப்ட் அத்தை என்று தானே பத்துப் பேரைச் சேர்த்துத் தருவதாக ஒத்துக்கொண்டாள். வாசல்வரை வந்தபோதுதான் இவர் செருப்பை மாட்டிக்கொண்டே, செருப்பிடம் சொல்வதுபோலச் சொன்னார்:

“அன்னிக்கு நான் ரொம்பப் பரபரப்பா இருப்பேன்க்கா. உன்னைக் கண்டுக்க முடியாமப் போகலாம். தப்பா எடுத்துக்காதே.”

அக்கா மடித்த துண்டை மறுபடியும் பிரித்து மடித்தாள்.

“தெரியாத ஆளு மாதிரி இருக்கணுமா?”

“அப்படின்னு இல்ல...”

“சரிடா. புரியுது.”

புரிந்துகொண்டுவிட்டாளே என்று அவர் கூனிக் குறுகியிருக்க வேண்டும். நிம்மதிதான் வந்தது. நான்கு மாடியையும் லேசான மனத்தோடு இறங்கினார். ஏதோ பாட்டுகூட முணுமுணுத்ததாக லிஃப்ட் அத்தை பின்னர் சொன்னாள்.

மாநாட்டு நாள் காலையில் பதினோரு மஞ்சள்களும் எல்லோருக்கும் முன்னால் அலுவலக மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். பெட்டியின் அடியிலிருந்து எடுத்த நல்ல உடைகள். அக்காவின் காலில் கடிக்கிற புதுச் செருப்பு. இவர் அட்டையை நீட்டினார். “நன்றிங்க சார்” என்று வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. இவள் நடிக்கப் போயிருந்தால் நன்றாக வந்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றியது.

வண்ணத் திட்டம் பிரமாதமாக வேலை செய்தது. உப்பு ஜாடி வைப்பதுபோல மேசைக்கு ஒரு மஞ்சள். அக்காவின் மேசையில் ஒரு பேராசிரியர் அவளை விடவே இல்லை. வீட்டில் எத்தனை ஜன்னல், யார் முதலில் சாப்பிடுவீர்கள், மனச்சோர்வு உண்டா என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். “மனச்சோர்வுக்கெல்லாம் எங்கங்க நேரம், அஞ்சு மணிக்கு டிப்போல இருக்கணும்” என்றாள். அதையும் குறித்துக்கொண்டார்.

பதினோரு மணி வாக்கில் சமையல் ஒப்பந்தக்காரர் மூச்சு வாங்க ஓடி வந்தார். ஏற்பாடு அப்போது ஒரு கையால் இருமுகிற மைக்கைத் தட்டிக்கொண்டும், இன்னொரு கையில் போனை வைத்து, வழி தவறிய முதன்மை விருந்தினருக்குத் திருப்பம் சொல்லிக்கொண்டும் இருந்தார்.

“சார், மாடி டைனிங் ஹால்ல எல்லாரும் கொள்ள மாட்டாங்க. கொஞ்சம் பேருக்குக் கீழ முற்றத்துல அட்டைப் பெட்டில சாப்பாடு கொடுத்துடறேன். யாரைக் கீழ அனுப்பட்டும்?”

“மஞ்சள்” என்றார் ஏற்பாடு.

சொன்னது வாய்தான் என்று அவர் பிற்பாடு பலமுறை தனக்குள் வாதாடியிருக்கிறார். மூளையைக் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். ஆனால் மூளையை யாரும் கேட்கவில்லை.

“கலர் ஒட்டினது ரொம்ப வசதியாப் போச்சு சார்” என்று ஒப்பந்தக்காரர் ஓடினார். அதன் பிறகுதான் காரணங்கள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. அவர்களில் வயதானவர்கள் அதிகம். முழங்கால் வலிக்கும். மாடி ஏறுவது சிரமம். அந்தக் கட்டடத்தில் நல்ல லிஃப்ட் ஒன்று சலாம் போடாத குறையாக நின்றுகொண்டிருந்தது; அந்த உண்மையை மட்டும் அவர் வரிசையில் சேர்க்கவில்லை.

சாப்பாட்டு வேளை வந்தது. மாடிப்படியின் அடியில் காவலாளி நின்று அட்டைகளைப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். பேராசிரியர், “வாங்கம்மா, சாப்பிட்டுக்கிட்டே பேசலாம்” என்று அக்காவை அழைத்து வந்தார். அவர்களுக்குப் பின்னால் மற்றப் பத்துப் பேரும் வந்தார்கள்.

“மஞ்சள் கீழே” என்று காவலாளி கையை நீட்டி மறித்தார்.

பேராசிரியர் மிகவும் வருத்தப்பட்டார். இது சரியில்லை என்று காவலாளியிடம் சொன்னார். சொல்லிவிட்டு, சூடு ஆறுவதற்குள் மேலே போனார்.

அந்த நேரம் பார்த்து, இயக்குநரையும் ஒருவழியாக வந்து சேர்ந்த முதன்மை விருந்தினரையும் அழைத்துக்கொண்டு ஏற்பாடு படியேறிக்கொண்டிருந்தார். பாதியில் இருந்தவரை அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

“சார், நாங்க மேல வரக் கூடாதுன்னு சொல்றாங்க. அப்படிங்களா?”

குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஏதோ தவறு நடந்திருக்கிறது, தம்பி சரிசெய்துவிடுவான் என்ற நம்பிக்கை அந்தக் கேள்வியில் இருந்தது. பத்துப் பேரும் அவரைப் பார்த்தார்கள். இயக்குநரும் பார்த்தார். ‘இவங்க என் அக்கா’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? முதன்மை விருந்தினர் ஒரு தும்மல் போடுகிற நேரம்.

“உங்களுக்கெல்லாம் கீழேயே ஏற்பாடு பண்ணியிருக்கும்மா” என்றார் அவர். “படி ஏறிக் கஷ்டப்பட வேண்டாமேன்னுதான்.”

அம்மா. கூடப் பிறந்தவளை, வழி கேட்கும் வயதான பெண்மணியை அழைப்பதுபோல, அம்மா என்றார். தினமும் இழுப்போடு நான்கு மாடி ஏறுகிறவளிடம் படியைப் பற்றிப் பரிவு காட்டினார்.

“சரிங்க சார்” என்றாள் அக்கா. திரும்பினாள். மற்றவர்களும் திரும்பினார்கள்.

தரை பிளந்து அவரை விழுங்கவில்லை. மண்டபத்துத் தரை நல்ல கிரானைட்.

அதன் பிறகு அவருக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். சாப்பிட்டார். இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார். முதன்மை விருந்தினர் போட்டுக்கொள்ளும்போது ஒருங்கிணைப்பாளர் சும்மா நிற்பது மரியாதை இல்லை. தட்டோடு ஜன்னல் பக்கம் போனபோது கீழே முற்றம் தெரிந்தது. கட்டைச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து, மடியில் அட்டைப் பெட்டியோடு பதினோரு பேர். அக்கா பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள். பக்கத்திலிருந்த தையல்காரர் தன் பெட்டியிலிருந்த கேக் துண்டை எடுத்து அவள் பெட்டியில் வைத்தார். லிஃப்ட் அத்தையும் தன்னுடையதை எடுத்து வைத்தாள். அதற்கப்புறம் இன்னொருவர். ஒருவருக்கும் இனிப்பு பிடிக்காதுபோல என்று நினைத்துக்கொண்டு ஏற்பாடு ஜன்னலை விட்டு நகர்ந்தார்.

பிற்பகல் அமர்வுக்குப் பெயர் ‘சமூகத்தின் குரல்’. குரலுக்கு ஐந்து நிமிடம். மணி இவர் கையில். அக்கா மேடையேறினாள். அந்த மைக்கில் ஒரே ஒரு வாக்கியம் போதும். இருபது வருட மரியாதை பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

அவள் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. முதல் பஸ்ஸைப் பற்றிச் சொன்னாள். இரண்டாவது பஸ்ஸைப் பற்றிச் சொன்னாள். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற இடத்தில் நிழல் இல்லை என்றாள். “போன வாரம் ஆஸ்பத்திரில...” என்று தொடங்கியவளுக்கு மூச்சு அடைத்தது. இடுப்பிலிருந்து இன்ஹேலரை எடுத்து இழுத்துக்கொண்டு, ஒரு நிமிஷம் என்பதுபோலக் கையைக் காட்டினாள். சபை அமைதியாகக் காத்திருந்தது.

அந்த அமைதியில் மணி அடித்தது.

ஏற்பாடு தன் கையைப் பார்த்தார். கை தன் கடமையைச் செய்துவிட்டு மணியின் மேல் நிம்மதியாகப் படுத்திருந்தது. முள் ஐந்தைத் தொட்டதும் அடித்து அடித்துப் பழகிய கை. அதற்கு அக்காவைத் தெரியாது.

“நேரம் ஆயிடுச்சாம்” என்று அக்கா இன்ஹேலரைச் செருகிக்கொண்டாள். “வந்ததுக்கு, சாப்பாட்டுக்கு, எல்லாத்துக்கும் நன்றிங்க. இதெல்லாம் ஓடியாடிச் செஞ்ச சாருக்கும் நன்றி.”

சபை கைதட்டியது. இயக்குநர் கையைக் காட்ட, ஏற்பாடு எழுந்து நின்று, அசடு வழிய நாலா பக்கமும் கும்பிட்டார். போன வாரம் ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை.

எல்லோரும் போன பிறகு இயக்குநர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முகமெல்லாம் பூரிப்பு. “மத்தியானச் சாப்பாட்டுல ஒரு தள்ளுமுள்ளு இல்ல, பாத்தீங்களா? எல்லாம் அந்த வண்ண வட்டம். இதை ஒரு கட்டுரையா எழுதி அடுத்த மாநாட்டுல படிங்க ஏற்பாடு. நீங்களும் எத்தனை நாளைக்குத்தான் மணியடிப்பீங்க?”

மேடை. நாற்காலி போடுகிறவர் நாற்காலியில் உட்காரப் போகும் நாள். காலையில் கேட்டிருந்தால் பறந்திருப்பார். இப்போது உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே இருந்தார்.

“மேடம், அந்த ரெண்டு பஸ் அம்மா... என் அக்கா மேடம். சொந்த அக்கா. நான்தான் கீழ உட்கார வச்சேன்.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலாம் என்றுகூட இருந்தது. இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

“அடடா, இதை ஏன் முதல்லயே சொல்லல? ரெண்டு பேரையும் சேர்த்து மேடையேத்தியிருக்கலாமே. ஒரே குடும்பம், அக்கா அங்க, தம்பி இங்க. எப்பேர்ப்பட்ட கதை. சரி, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. அவங்க வீட்டுக்குப் போயி ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க. பின்னாடி அந்தக் கட்டடம் தெரியணும்.”

குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போனவர் அட்டைப்படத்துக்குத் தேர்வாகித் திரும்பினார். அவர் அவமானத்தைக்கூட அந்த அலுவலகம் அவரிடம் விட்டுவைக்கவில்லை.

வீட்டில் மனைவி கேட்டாள்: “அண்ணி வந்தாங்களா? நல்லாச் சாப்பிட்டாங்களா?”

“சாப்பிட்டாங்க” என்று சொல்லிவிட்டு, முகம் கழுவப் போய், வெகுநேரம் கழுவினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. போட்டோவும் இல்லை, கட்டுரையும் இல்லை. நேரே போய் மன்னிப்புக் கேட்பது, அக்கா கன்னத்தில் அறைந்தால் வாங்கிக்கொள்வது, பதினோரு பேர் முன்னாலும் நடந்ததை நடந்தபடி சொல்வது என்று முடிவு செய்துகொண்டு காலையிலேயே கிளம்பினார். வாசலில் லிஃப்ட் அத்தை உட்கார்ந்திருந்தாள். காறித் துப்புவாள் என்று நினைத்தார்.

“வா தம்பி” என்றாள் அத்தை. குரல் கனிந்திருந்தது. “பாவம்ப்பா நீ.”

“என்ன அத்தை?”

“அக்கா எல்லாத்தையும் சொல்லிட்டா. சொந்தக்காரங்களைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டாலே சீட்டைக் கிழிச்சிடுவாங்களாமே உங்க ஆபீஸ்ல? கூடப் பிறந்தவகூட உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட விடாத வேலையும் ஒரு வேலையா? எப்படித்தான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கியோ.”

அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தலையை எந்தப் பக்கம் ஆட்டுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டு மேலே ஏறினார். மூன்றாவது மாடியில் தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி வெளியே வந்தார். கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, நீங்க என்னை மன்னிக்கணும்.”

“நான் எதுக்குங்க...”

“உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். நாங்க எல்லாரும் அக்காவோட தம்பி ஆபீசுக்குப் போறோம்னுதான் கிளம்பி வந்தோம். அங்க நீங்க அவங்களை ‘அம்மா’ன்னதும் எனக்கு ரத்தம் கொதிச்சுப்போச்சு. சட்டம் அப்படின்னு அக்கா சொன்னப்புறம்தான் புரிஞ்சுது. வயித்துப் பிழைப்பு. மனசுல வச்சுக்காதீங்க.”

அப்போதுதான் அவருக்கு முழுதாக விளங்கியது. அவர்கள் மாநாட்டுக்கு வரவில்லை, அக்காவின் தம்பியைப் பார்க்க வந்திருக்கிறார்கள். படியின் அடியில் நின்று அவரைப் பார்த்த அத்தனை கண்ணும் அவளுடைய தம்பியைத்தான் பார்த்திருக்கின்றன.

அக்கா கதவைத் திறந்தாள். “வா” என்றாள். அவ்வளவுதான்.

“அக்கா, நான் நேத்து...” என்று இவர் தொடங்குவதற்குள் பின்னாலேயே தையல்காரரும், தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் அத்தையும் வந்துவிட்டார்கள். ஆறுதல் சொல்லத்தான். அக்கா தேநீர் போட அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

“ஏன் தம்பி, வீட்டுலகூடப் பேசக் கூடாதா, இல்ல ஆபீஸ்ல மட்டும்தானா?” என்று அத்தை விசாரணையைத் தொடங்கினாள்.

‘அப்படி ஒரு சட்டமே இல்லை அத்தை. வெட்கப்பட்டுத்தான் மறைத்தேன்.’ வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதற்காகத்தான் வந்திருந்தார். வாயைத் திறந்தார். அக்கா கையில் கெட்டிலோடு திரும்பிப் பார்த்தாள். பணிமனையில் பின்பக்கமாக வரும் பஸ்ஸை, இன்னும் ஒரு அடி வந்தால் சுவரில் இடிக்கும் என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை.

நடந்ததைச் சொன்னால் இவர் மனம் லேசாகும். அவள், தம்பியால் கைவிடப்பட்டது போதாதென்று, அதை மூடி மறைக்கப் பொய்யும் சொன்னவள் ஆவாள். இந்தக் கட்டடத்தில் தினமும் ஏறி இறங்க வேண்டியவள் அவள்.

“ஆபீஸ்ல மட்டும்தான் அத்தை” என்றார் ஏற்பாடு. “ஆனா ரொம்பக் கண்டிப்பு.”

“ஒரு கல்யாணம் காட்சின்னா?”

“எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கணும்.”

“சாவுன்னா?”

“அதுக்கு... ஒரு நாள் தளர்வு உண்டு.”

விதிகள் சொல்லிப் பழகிய வாய்க்கு மளமளவென்று வந்தது. சட்டம் எந்த உறவுவரை செல்லும், மச்சான் எந்தப் பிரிவில் வருவான் என்றெல்லாம் விளக்கினார். தையல்காரர் தலையிலடித்துக்கொண்டார். “இதுக்கு ஜெயிலே தேவலாம் தம்பி.” உள்ளே இருந்து மாமா, “என்ன?” என்றார். தேநீரைக் குடித்துவிட்டு, நல்ல வேலையாகத் தேடச் சொல்லி வாழ்த்திவிட்டு இருவரும் போனார்கள். போகும்போது அத்தை அவர் தலையைத் தடவிக்கொடுத்தாள். வாழ்நாளில் அவர் வாங்கிய அடிகளிலேயே அதுதான் பலமானது.

கதவு சாத்தியதும், “ஏன்க்கா அப்படிச் சொன்னே?” என்றார்.

“வேற என்னடா சொல்லச் சொல்றே? எல்லாரும் என் மூஞ்சியையே பாத்துட்டு இருந்தாங்க. ஒருத்தராவது, என்ன உன் தம்பி இப்படின்னு கேட்டிருந்தாச் சண்டை போட்டிருப்பேன். யாரும் கேக்கல. அவங்கவங்க பெட்டில இருந்த கேக்கை எடுத்து என் பெட்டில வச்சாங்க. சாவு வீட்டுல பாத்துப் பாத்துக் கொடுப்பாங்களே, அந்த மாதிரி.” தேநீர்க் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். “தாங்க முடியல. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்.”

“தப்புப் பண்ணிட்டேன்க்கா.”

“தெரியும்.”

“போன வாரம் ஆஸ்பத்திரில என்ன சொன்னாங்க?”

“இப்ப எதுக்கு அது.” கோப்பைகளைத் தொட்டியில் போட்டாள். “இங்க பாரு. நீ கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதே.”

“கோவமாக்கா?”

“கோவம் இல்லாமலா. ஆனா அதுக்காகச் சொல்லல. அவ்வளவு கண்டிப்பான ஆபீஸ்ல இருக்கிறவன் வாரா வாரம் அக்கா வீட்டுக்கு ஹாயா வந்துட்டுப் போனா யாருக்காவது உறைக்கும். கீழ நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு முதல்ல உறைக்கும்.”

“எவ்வளவு நாளைக்கு?”

“நானே சொல்லி அனுப்பறேன். போறப்பப் பின்படி வழியாப் போ. முன்னால போனா மறுபடியும் எல்லாரும் பாவம்னு சொல்லுவாங்க, நீயும் நின்னு கேட்டுக்குவே.”

அவர் இன்னும் ஏதோ சொல்ல நின்றார். அக்கா குழாயைத் திறந்தாள். தண்ணீர் வரவில்லை. வாளியிலிருந்து மொண்டு கோப்பைகளைக் கழுவத் தொடங்கினாள், திரும்பவில்லை.

பின்படியில் பகலிலும் இருட்டு. சுவரைத் தடவிக்கொண்டு இறங்கினார். இரண்டாவது மாடித் திருப்பத்தில், தண்ணீர்க் குடத்தோடு ஏறிவந்த ஒரு பெண் ஒதுங்கி வழிவிட்டாள். புதிதாகக் குடிவந்தவள்போல, முன்பின் பார்த்த முகமில்லை.

“யார் வீட்டுக்கு வந்தீங்க சார்?”

‘அக்கா வீட்டுக்கு’ என்று வாய்வரை வந்தது. இந்தமுறை அதை நிறுத்தியது வெட்கமல்ல, அக்காவுடைய பொய்.

“யார் வீட்டுக்கும் இல்லம்மா” என்றார். “சும்மா, ஒரு கணக்கெடுப்பு.”

“அப்படிங்களா. எங்க பக்கம் தண்ணி வந்து ஒரு வாரமாச்சு. அதையும் எழுதிக்கோங்க.”

“எழுதிக்கிறேம்மா” என்றார்.